ஏற்காட்டு விடுதிகளில் ஆளில்லாத வரவேற்பு மேசை

ஏற்காட்டில் அறை எடுப்பவர்கள் இப்போதெல்லாம் விடுதிக்காரரின் முகத்தையே பார்க்காமல் வந்து, தங்கி, திரும்பிவிட முடிகிறது. முன்பணம் யுபிஐ வழியாகப் போகிறது. ஆதார் அட்டையின் படம் வாட்ஸ்அப்பில் போகிறது. வரவேண்டிய நாளன்று இடத்தைக் காட்டும் கூகுள் மேப் இணைப்பும் கதவைத் திறப்பதற்கான எண்ணும் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. காலி செய்யும்போது கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட்டால் போதும். மலைமேல் உள்ள ஹோம்ஸ்டேக்களில் தொடங்கிய இந்த வழக்கம் கீழே சேலம் நகரத்து லாட்ஜுகளுக்கும் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. இரு இடங்களிலும் சில சிறு விடுதிகளுக்குக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். அதனால் வரவேற்பு மேசைக்கு முன்னால் நிற்பவர்களின் எரிச்சலும் எனக்குத் தெரியும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் வரவு செலவும் தெரியும். இந்த மாற்றத்தைப் பற்றி எழுத எனக்கு அந்த ஒரு தகுதிதான் உண்டு.

முதலில் இயந்திரத்தின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சிறிய நியாயமன்று. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, வழியில் இரண்டு முறை வாந்தியெடுத்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் ஒருவரிடம், நீளமான பதிவேட்டைத் திருப்பி வைத்து, பெயர், வயது, தகப்பனார் பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், வந்த காரணம் என்ன என்று கட்டம் கட்டமாக நிரப்பச் சொல்வது கொடுமைதான். அந்தப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டியது விடுதிக்காரரின் கடமை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் அந்த விவரங்களையெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிட முடியும்போது, மனிதர் ஒருவரை மேசையில் உட்கார வைத்து மற்றொரு மனிதரைப் பேனா பிடிக்க வைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு நியாயம் இதைவிடக் கனமானது. நம் ஊர் வரவேற்பு மேசைகளைப் பற்றிப் பேசும்போது விருந்தோம்பல், புன்னகை, அன்பான விசாரிப்பு என்றெல்லாம் எழுதுகிறவர்கள், அந்த விசாரிப்பு யாரை எப்படித் தைக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். தனியாக வரும் பெண்ணிடம் “கூட யாரும் வரலீங்களா?” என்று கேட்பதும், ஓர் ஆணும் பெண்ணும் வந்தால் கழுத்தையும் கால்விரலையும் பார்ப்பதும், பெயரைக் கேட்ட கையோடு ஊரையும் தெருவையும் கேட்டு மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வதும் விசாரிப்பில் அடங்கியவைதான். 2019ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் திருமணமாகாதவர்களைத் தங்க வைத்தார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி ஒரு விடுதிக்குச் சீல் வைத்தார்கள். திருமணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. தீர்ப்பு வந்த பிறகும் மேசைக்குப் பின்னால் இருப்பவரின் பார்வை மாறிவிடவில்லை. எண் பூட்டுக்கு அந்தப் பார்வை கிடையாது. எனக்குத் தெரிந்த இளம்பெண்கள் சிலர், வசதி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆளில்லாத விடுதியையே தேடிப் பதிவு செய்வதற்கு இது ஒன்றே காரணம். அவர்களிடம் மனிதத் தொடர்பின் மகிமையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

இயந்திரம் வேறு விதமாக நம்மை விசாரிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெருநகர விடுதிகளில் வைக்கப்படும் கியோஸ்க்குகள், அதாவது விருந்தினரே தட்டிப் பதிவு செய்துகொள்ளும் தொடுதிரை இயந்திரங்கள், முன்பதிவைக் கண்டுபிடிக்கக் கடைசிப் பெயரைக் கேட்கின்றன. நமக்கு ஏது கடைசிப் பெயர்? கே. முருகேசன் என்பவருக்குக் ‘கே’ கடைசிப் பெயரா, தகப்பனார் கந்தசாமி கடைசிப் பெயரா, முருகேசனே கடைசிப் பெயரா என்பது அவர் பதிவு செய்த செயலிக்கு ஒரு விதமாகவும், ஆதாருக்கு ஒரு விதமாகவும், கடவுச்சீட்டுக்கு இன்னொரு விதமாகவும் இருக்கும். மூன்றையும் மாற்றி மாற்றித் தட்டி, மூன்றுக்கும் ‘பதிவு இல்லை’ என்ற பதில் வந்து, கடைசியில் ஓர் ஊழியர் வந்து திரையின் மேல் குனிந்து தேடிக்கொடுத்த காட்சியை, பெங்களூருவில் என் முன்னால் நின்ற ஒரு பெரியவருக்கு நேரக் கண்டிருக்கிறேன். சேலத்து லாட்ஜ் மேலாளருக்கு இந்தச் சிக்கல் எழவே எழாது. “ஈரோட்டிலிருந்து முருகேசன், ரெண்டு ரூம்” என்றால் அவருக்குப் போதும்.

இந்தத் தொழில்நுட்பங்கள் எதுவும் நேற்று முளைத்தவை அல்ல. துளையிட்ட அட்டையால் திறக்கும் பூட்டை நார்வேயைச் சேர்ந்த டோர் சோர்னெஸ் 1970களிலேயே உருவாக்கிவிட்டார். ஒருவர் காலி செய்ததும் அடுத்தவருக்கு வேறு குறியீட்டைக் கொடுத்துவிடலாம் என்பதே அதன் சிறப்பு. தொலைந்துபோன பித்தளைச் சாவி யார் கையில் இருக்கிறதோ என்ற பயத்துக்கு அது நல்ல விடை. பிரான்சில் 1980களின் நடுவில் தொடங்கிய ஃபார்முல் 1 என்ற மலிவு விலை விடுதிகளில், இரவில் வரவேற்பில் ஆளே இல்லாமல், வாசலில் இருக்கும் இயந்திரத்தில் வங்கி அட்டையைச் செருகினால் அறை கிடைத்தது. அங்கே நடந்தது ஒளிவுமறைவற்ற பேரம். ஆள் இல்லை, ஆகவே விலை குறைவு என்றார்கள். வருபவரும் அதை அறிந்தே வந்தார். நம் ஊரில் ஆளை எடுத்துவிட்டு விலையை மட்டும் அப்படியே வைத்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. படிவம் நிரப்புவதும், அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்புவதும், பெட்டியை மாடிக்குத் தூக்குவதும் இப்போது விருந்தினரின் வேலை என்றால், அந்த வேலைக்கான கூலி ரசீதில் எங்காவது கழிக்கப்பட்டிருக்க வேண்டுமல்லவா? நான் எழுதும் கணக்குகளில் அப்படி ஒரு வரியை இதுவரை பார்த்ததில்லை.

இயந்திரத்தை எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்தவர்கள் ஜப்பானியர்கள். நாகசாகி மாநிலத்தில் 2015இல் திறக்கப்பட்ட ஹென் நா ஹோட்டலில் வரவேற்பு மேசையில் டைனோசர் வடிவ ரோபோக்கள் நின்றன. பெட்டிகளை எடுத்துச் செல்ல ரோபோக்கள் இருந்தன. அறைக்குள் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பொம்மையும் இருந்தது. உலகமே வந்து படமெடுத்துக்கொண்டு போனது. 2019இல், அங்கிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வேலையை விட்டு நீக்கப்பட்டுவிட்டன என்ற செய்தி வந்தது. காரணங்கள்தாம் படிக்க வேண்டியவை. டைனோசர் வணக்கம் சொல்லிவிடும், ஆனால் வெளிநாட்டு விருந்தினரின் கடவுச்சீட்டை நகலெடுக்க மனிதர் ஓடிவர வேண்டும். பெட்டி தூக்கும் ரோபோக்கள் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளில் இருபத்து நான்கு அறைகளுக்கு மட்டுமே போக முடிந்தது, மழையிலும் பனியிலும் அவை நின்றுவிட்டன. அறைக்குள் இருந்த பொம்மை, ஒரு விருந்தினரின் குறட்டையைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு, ‘சொன்னது புரியவில்லை, மறுபடியும் சொல்லுங்கள்’ என்று இரவெல்லாம் அவரை எழுப்பிக்கொண்டே இருந்தது. ரோபோக்களின் பிழைகளைச் சரிசெய்யவே ஊழியர்களின் நேரம் போயிற்று. மழையில் நின்றுவிடும் பெட்டி தூக்கியை ஏற்காட்டில் கற்பனை செய்து பார்த்தால் எனக்கு அவர்கள்மேல் இரக்கம்கூட வருகிறது.

இதுவரை சொன்னதை வைத்து, எளிய காரியங்களுக்கு இயந்திரம், சிக்கலான காரியங்களுக்கு மனிதர் என்று பிரித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். எனக்கும் சில காலம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு திருமணத்தின்போது, மனிதர் இருந்தும் பயனில்லாமல் போகும் நிலையை நேரில் பார்த்தேன்.

சேலத்தில் திருமணம் என்றால் மண்டபத்துக்கு அருகில் உள்ள லாட்ஜில் பத்துப் பதினைந்து அறைகளை மொத்தமாகப் பிடித்து, சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் உறவினர்களை இறக்கி வைப்பது வழக்கம். இரவு ரயிலில் ஜங்ஷனில் இறங்குகிறவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். இந்த முறை பிடித்தது, ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் புதிதாக மாட்டிக்கொண்ட விடுதி. யாருக்கு எந்த அறை என்பதை எங்கோ இருக்கும் கணினி முன்கூட்டியே ஒதுக்கிவிட்டது. மூட்டுவலியால் படி ஏற முடியாத என் பெரியம்மாவுக்கு இரண்டாம் மாடி வந்தது. மின்தூக்கி கிடையாது. மேசையில் இருந்த பையன் மிகவும் பணிவானவன்.

“தம்பி, கீழ ஒரு ரூம் காலியாத்தானே இருக்குது, அதைக் கொடுத்துடுங்க.”

“காலிதானுங்க சார். ஆனா சிஸ்டத்துல நாளைக்கு வர்றவங்களுக்கு பிளாக் ஆயிருக்குதுங்க. என்னால மாத்த முடியாதுங்க.”

“சரி, மாத்தக்கூடியவர் யாரு?”

“கஸ்டமர் கேர்க்குத்தானுங்க போன் போடணும்.”

வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஆங்கிலத்துக்கு ஒன்றையும் இந்திக்கு இரண்டையும் அழுத்தச் சொன்ன குரல், தமிழுக்கு எதையும் அழுத்தச் சொல்லவில்லை. கடைசியில் கீழ்த்தளத்தில் அறை பெற்றிருந்த மாப்பிள்ளையின் நண்பர்கள், தங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு மேலே போய், தங்கள் அட்டைச் சாவியைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டார்கள். பெரியம்மாவின் சிக்கல் தீர்ந்தது. கணினியின் பதிவேட்டிலோ, நான்கு இளைஞர்கள் இருந்த அறையில் எழுபது வயதுப் பெண்மணியும் அவர் இருந்த அறையில் நான்கு இளைஞர்களும் இருப்பதாக, ஒரு பிழையும் இல்லாத பொய்யான பதிவு ஒன்று நின்றது. யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பதிவேடே வைத்திருக்கிறோம். பழைய லாட்ஜ் மேலாளர் பென்சிலால் இரண்டு எண்களை அடித்து மாற்றி எழுதியிருப்பார். கை எழுத்து கோணலாக இருந்தாலும் விவரம் சரியாக இருந்திருக்கும்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அறையை மாற்றவும், மதியம் வரை தங்கிக்கொள்ளச் சொல்லவும், தண்ணீர் வராத குளியலறைக்காக இருநூறு ரூபாய் குறைத்துக்கொள்ளவும் அவனுக்கு அனுமதி இல்லாதபோது, அவன் அங்கே உட்கார்ந்திருப்பதற்கும் ஒரு கியோஸ்க் நிற்பதற்கும் வேறுபாடு என்ன? கியோஸ்க் மீது யாரும் கோபப்படுவதில்லை. அவன்மேல் நாள் முழுவதும் கோபப்படுகிறார்கள். தன்னால் எடுக்கப்படாத முடிவுகளுக்காகத் திட்டு வாங்குவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருப்பது, ஆளே இல்லாமல் விடுவதைவிட மோசமானது என்பது என் எண்ணம். விடுதியில் தொழில்நுட்பம் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் இப்போது கேட்பது ஒன்றுதான்: இரவு பதினொரு மணிக்கு உங்கள் வாசலில் இருப்பவர், யாருக்கும் போன் செய்யாமல் எதை முடிவு செய்யலாம்?

ஏற்காட்டில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. கதவுப் பூட்டு பேட்டரியில் இயங்குவதால் மின்சாரம் போனாலும் திறக்கும். ஆனால் எண்ணைச் சுமந்து வரும் குறுஞ்செய்தி, எஸ்டேட்டுகளுக்கு நடுவே சிக்னல் அறுந்துபோகும் இடத்தில் வந்து சேராது. மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் மேப் காட்டும் நீலப் புள்ளிக்கும் எதிரே தெரியும் பாதைக்கும் தொடர்பே இருக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டதே, அதுபோன்ற நாளில் விருந்தினருக்கு வேண்டியது ஓர் அறை எண் அன்று. குப்பனூர் வழியாக இறங்கும் மாற்றுப்பாதை திறந்திருக்கிறதா, இப்போதே இறங்கிவிடலாமா, காலை வரை பொறுப்பதா, பொறுத்தால் அந்த ஓர் இரவுக்குப் பணம் கேட்பீர்களா என்பவைதான் அவருடைய கேள்விகள். முதல் மூன்றுக்கு அந்தப் பாதையில் தினமும் போய்வரும் பால்வண்டிக்காரரைத் தெரிந்த ஒருவர் வேண்டும். நான்காவதுக்கு அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும். பழைய எஸ்டேட் பங்களாக்களில் இருந்த காவல்காரர்களுக்கு அந்த அறிமுகம் இருந்தது, அதிகாரத்தையும் அவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள்.

முதலாளிகளைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர்களின் கணக்கைப் பார்க்கிறவன் அப்படிச் செய்ய முடியாது. ஏற்காட்டில் மே மாதக் கோடை விழாவின்போதும் வார இறுதிகளிலும் அறை கிடைக்காது. செவ்வாய், புதன் கிழமைகளில் மேசையில் இருப்பவர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். மூன்று வேளைக்கும் ஆள் போட்டால் அந்த வெறும் நாட்களுக்கும் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கொடுக்க வேண்டும். உள்ளூர் இளைஞர்கள் சேலத்துக்கும் பெங்களூருவுக்கும் இறங்கிப் போய்விடுகிறார்கள். கிடைப்பவர்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து வருபவர்கள், அவர்களும் சீசன் முடிந்ததும் நிற்பதில்லை. பத்துப் பேர் ஆகிவிட்டால் இஎஸ்ஐ, இருபது பேர் ஆகிவிட்டால் பிஎஃப். இணைய முன்பதிவுத் தளங்களின் கமிஷன் வேறு. இதையெல்லாம் கூட்டிப் பார்க்கும் முதலாளியின் கண்ணுக்கு, சம்பளமும் விடுப்பும் கேட்காத பூட்டு அழகாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் விற்பனைப் பிரதிநிதிகள் சொல்லாத ஒரு செய்தியைக் கணக்கன் என்ற முறையில் இங்கே செருகிவிடுகிறேன். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதோடு உள்ளீட்டு வரி வரவும் போய்விட்டது. முன்பு கியோஸ்க்கோ டிஜிட்டல் பூட்டோ வாங்கினால் அதற்குச் செலுத்திய 18 சதவீத வரியைக் கழித்துக்கொள்ளலாம். இப்போது அந்த வரி முழுவதும் முதலாளியின் கைச்செலவு. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும், மாதாமாதம் கட்டும் மென்பொருள் சந்தாவுக்கும் இதே கதைதான். சம்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

அடையாள அட்டை விவகாரமும் ஒழுங்காக வேண்டும். காகித நகல் எடுத்த காலத்தில் அது மேசை இழுப்பறையில் தூசி படிந்து கிடந்தது. இப்போது விருந்தினர்களின் ஆதார் படங்கள் காவலாளியின் சொந்தக் கைப்பேசியில், அவர் மகள் கேம் விளையாடும் அதே கருவியில், கல்யாணப் படங்களுக்கு நடுவே கிடக்கின்றன. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், விடுதிகள் இவ்வாறு நகல் வாங்கி வைத்திருக்கக் கூடாது என்று எச்சரித்து ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. குழப்பம் அதோடு தீர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அனுப்புவதே நல்லது.

என்னிடம் கணக்குக் கொடுக்கும் ஏற்காட்டு விடுதிக்காரர் ஒருவர் அண்மையில் கியோஸ்க் வாங்கலாமா என்று கேட்டார். உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தோம். கியோஸ்க் வேண்டாம், பூட்டுகளை மட்டும் மாற்றலாம், படிவத்தை வீட்டிலிருந்தே தமிழில் நிரப்பும்படி செய்யலாம், இரவுக்கு ஓர் ஆளை நிரந்தரமாக வைக்கலாம் என்று முடிவானது. அந்த ஆளுக்கு அறையை மாற்றவும், ஆயிரம் ரூபாய் வரை கழிக்கவும், சாலை அடைபட்டால் கூடுதல் இரவுக்குப் பணம் வாங்காமல் விடவும் உரிமை உண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடச் சொன்னேன். ஆயிரம் என்றதும் முகம் சுளித்தார். “நம்ம பணத்தை அவன் யாருங்க கழிக்கிறதுக்கு?” என்றார். ஐந்நூறில் வந்து நின்றது. பூட்டுகள் ஒரே வாரத்தில் வந்து பொருத்தியாகிவிட்டன. ஆளுக்கான அறிவிப்பு இன்னும் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒட்டப்பட்டிருக்கிறது. வந்து கேட்டவர்கள் எல்லாரும் இரவு வேலை என்றதும் சம்பளத்தை உயர்த்திக் கேட்கிறார்கள், அவர் பகலுக்கான தொகையிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.